கையால் ஓடுகிறது, சர்வீஸாக ஓட மறுக்கிறது

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். லாரி டோக்கன் மென்பொருளுக்குப் புதிய ரெடிஸ் (தரவை நினைவகத்தில் வைத்து வேகமாகத் தரும் மென்பொருள்) வேண்டும் என்றார்கள். அல்மாலினக்ஸ் 9 (லினக்ஸ் வகை ஒன்று) சர்வரில் சோர்ஸை, அதாவது மூல நிரலை, இறக்கி நானே பில்ட் செய்தேன். டெர்மினலில் தட்டினால் ஓடுகிறது. சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாகத் தொடங்கினால் ‘பர்மிஷன் டினைட்’, 203 என்று நின்றுவிடுகிறது. எக்ஸிக்யூட் அனுமதியெல்லாம் கொடுத்தாயிற்று. லினக்ஸின் கூடுதல் பாதுகாப்புக் காவலான எஸ்இலினக்ஸை அணைத்துவிடச் சொல்கிறார் நண்பர். அணைக்கலாமா?

பதில்: வேண்டாம். நண்பர் சொல்வது பூட்டு சரியாகத் திறக்கவில்லை என்று கதவையே கழற்றுகிற வேலை. உங்கள் பில்டிலும் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. ஹோம் டைரக்டரியில் மேக் (பில்ட் செய்யும் கட்டளை) கொடுத்து, கிடைத்த ஃபைலை எம்வி (நகர்த்தும் கட்டளை) போட்டு லோக்கல் பின் டைரக்டரிக்கு நகர்த்தினீர்களா? நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன். ஒரு ராத்திரித் தூக்கம் போயிற்று.

எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள் வைத்திருக்கிறது. உங்கள் ஆலைக்கு வரும் கிரேட்டில் ஒட்டிய சீட்டு மாதிரி. கிரேட்டைத் தூக்கி வேறு கிடங்கில் வைத்தால் பழைய சீட்டும் கூடவே போகும்; எம்வி அப்படித்தான். காயை மட்டும் அந்தக் கிடங்கின் கிரேட்டில் கொட்டினால் அங்கத்திய சீட்டுதான்; இது நகலெடுக்கும் சிபி கட்டளை. ஆக, ஃபைல் இடம் மாறிவிட்டது, சீட்டில் இன்னும் ‘யூசர் ஹோம்’ என்றே இருக்கிறது. லாகின் செய்த உங்களை அது தடுக்காது. சிஸ்டம்டிக்கோ அந்தச் சீட்டுள்ள ஃபைலை ஓட்ட அனுமதி இல்லை. சிஎச்மோடு 777 போட்டு எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்தாலும் இது மாறாது, இரண்டும் வேறு வேறு காவல்.

எல்எஸ் கட்டளையில் பெரிய இசட் சேர்த்துப் பாருங்கள், லேபிள் தெரியும். நான் சொன்னபடி இருந்தால், ரூட்டாக அந்த ஃபைல் மீது ரீஸ்டோர்கான் கொடுத்தால் போதும்; அது இடத்துக்கேற்ற லேபிளை ஒட்டிவிடும். இனி நீங்களாக நகர்த்தாமல் மேக் இன்ஸ்டால் கொடுங்கள்.

இதைத் தாண்டியதும் இன்னொரு பள்ளம் வரலாம். யூனிட் ஃபைலில் (சர்வீஸை எப்படித் தொடங்குவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் ஃபைல்) டைப் நோட்டிஃபை என்று எழுதியிருந்தால், ரெடிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டம்டி ‘தயார்’ என்ற தகவலுக்குக் காத்திருந்து, நேரம் முடிந்ததும் கொன்றுவிடும். ‘தயார்’ என்று ரெடிஸ் சொல்ல வேண்டுமானால் சிஸ்டம்டி-டெவெல் பேக்கேஜைப் போட்டு, யூஸ் சிஸ்டம்டி ஆப்ஷனை எஸ் என்று வைத்து பில்ட் செய்ய வேண்டும். கான்ஃபிக்கில் சூப்பர்வைஸ்டு சிஸ்டம்டி என்றும் எழுத வேண்டும். மறுபடி பில்ட் செய்யுமுன் மேக் டிஸ்ட்கிளீன் கொடுங்கள். இல்லாவிட்டால் முந்தைய பில்டின் ஆப்ஷன்களையே மேக் ஞாபகம் வைத்திருக்கும்.

சரி, சோர்ஸிலிருந்துதான் பில்ட் செய்ய வேண்டுமா? அல்மாவில் பேக்கேஜ்களை நிறுவும் டிஎன்எஃப்பின் மாட்யூல் பட்டியலைப் பார்த்தீர்களா? ரெடிஸ் 7 அங்கேயே உண்டு. அது போதுமா என்று மென்பொருள்காரரிடம் கேளுங்கள். அல்மா 9-க்கு 2032 மே வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஆனால் நீங்கள் கையால் போட்ட ரெடிஸ் இருப்பதே டிஎன்எஃப்புக்குத் தெரியாது. ஓட்டை ஒன்று வெளியானால், சீசன் நடுவில் லாரிகள் வாசலில் நிற்கும்போதும் நீங்கள்தான் உட்கார்ந்து மறுபடி பில்ட் செய்தாக வேண்டும்.

ரீஸ்டோர்கானுக்குப் பிறகும் 203 வந்தால் ஆசர்ச் கட்டளையில் ஏவிசி பதிவுகளை (எஸ்இலினக்ஸ் தடுத்தவற்றின் பதிவுகள்) தேடி, அந்த வரியை அப்படியே அனுப்புங்கள்.