ஜர்னலை நிறுத்தாம டிஸ்க்கை வேகமாக்கலாமா?

கேள்வி: லினக்ஸ் சர்வர் ஒண்ணு ஓடுது, ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் (டிஸ்க்ல ஃபைலை அடுக்கி வைக்குற முறை), சாதா ஹார்ட் டிஸ்க்தான். சின்னச் சின்ன ஃபைலா நிறைய எழுதுறப்போ திணறுது. ஜர்னலை ஆஃப் பண்ணிட்டா சரியாயிடும்னு ஃப்ரெண்டு சொல்றாரு, பண்ணலாமா சார்?

பதில்: தயவுசெஞ்சு பண்ணாதீங்க. நடுவுல கரண்ட் போச்சுன்னா ஃபைல்சிஸ்டத்தைக் காப்பாத்துறதே அந்த ஜர்னல்தான் (செய்யப்போற மாத்தத்தை முதல்லயே குறிச்சு வைக்குற பதிவு), அது இல்லேன்னா மொத்த டிஸ்க்கையும் எஃப்எஸ்சிகே (ஃபைல்சிஸ்டத்தைச் சரிபாக்குற கமாண்ட்) போட்டுப் பாக்கணும், பெரிய டிஸ்க்னா மணிக்கணக்கா ஆகும், அப்பவும் எல்லாம் முழுசா வரும்னு உறுதி கிடையாது.

திணறுறதுக்குக் காரணம், மெட்டாடேட்டா (ஃபைலோட பேர், சைஸ், இருக்குற இடம் மாதிரி விவரம்) முதல்ல ஜர்னல்ல எழுதி அப்புறம் அதோட சொந்த இடத்துல இன்னொரு தடவை எழுதப்படுது, டிஸ்க்கோட ஹெட் ரெண்டு பக்கமும் மாறி மாறி ஓடுது. இதுக்கு நல்ல மருந்துன்னு நான் நினைக்கிறது ஜர்னலைத் தனியா வேற ஒரு டிஸ்க்குக்கு, முடிஞ்சா எஸ்எஸ்டிக்கு மாத்துறதுதான். பேக்கப் எடுத்துட்டு அன்மவுண்ட் பண்ணுங்க, டியூன்2எஃப்எஸ்ல (ஃபைல்சிஸ்டம் செட்டிங்கை மாத்துற கமாண்ட்) பழைய ஜர்னலை எடுத்துட்டு ஒரு எஃப்எஸ்சிகே ஓட்டுங்க, புது டிஸ்க்ல எம்கேஈ2எஃப்எஸ் (ஃபைல்சிஸ்டம் உருவாக்குற கமாண்ட்) வச்சு ஜர்னல் டிவைஸ் உருவாக்கி திரும்ப டியூன்2எஃப்எஸ்லயே இணைச்சிடுங்க. பிளாக் சைஸ் (டிஸ்க்ல இடம் ஒதுக்குற ஒரு துண்டோட அளவு) ஃபைல்சிஸ்டம், ஜர்னல் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும், இதுலதான் நிறைய பேர் முட்டிக்கிறாங்க. அதே டிஸ்க்லயே இன்னொரு பார்ட்டிஷன்ல வச்சா ஹெட் அலையுறது அலையுறதுதான், பிரயோஜனம் இல்ல. அந்த ஜர்னல் டிஸ்க் செத்தா ஃபைல்சிஸ்டமும் சிக்கல்ல மாட்டும், அதனால ரெய்டு 1 (ரெண்டு டிஸ்க்ல ஒரே நகல்) போட்டு வைங்க.

இன்னொரு டிஸ்க் இல்லேன்னா எஃப்எஸ்டேப்ல (மவுண்ட் செட்டிங் இருக்குற ஃபைல்) நோஏடைம் போடுங்க, ஃபைலைப் படிக்கிறப்போ எல்லாம் அந்த நேரத்தைக் குறிச்சு வைக்காது. 2009க்கு அப்புறம் வந்த கெர்னல்ல ரிலேடைம் (அந்த நேரத்தை எப்பவாவது மட்டும் குறிக்கிற முறை) தானாவே இருக்குறதால பெருசா வித்தியாசம் தெரியாது, இருந்தாலும் போடலாம். கமிட், அதாவது சேர்ந்த மாத்தங்களை டிஸ்க்ல பதியுறது, 5 செகண்டுக்கு ஒரு தடவை நடக்கும், அதை 30 ஆக்கலாம், ஆனா கரண்ட் போனா கடைசி அரை நிமிஷ வேலை போகலாம். உங்க புரோகிராம் டேட்டாபேஸ் மாதிரி எஃப்சிங்க் (உடனே டிஸ்க்ல எழுதுன்னு சொல்ற உத்தரவு) கேட்டுக்கிட்டே இருந்தா இந்த நம்பரை மாத்தி ஒண்ணும் ஆகாது.

கேள்வி: டேட்டா மோடை ரைட்பேக் ஆக்குனா?

பதில்: வேகம் கூடலாம். டீஃபால்ட்டா இருக்குற ஆர்டர்ட் மோடு டேட்டாவை எழுதிட்டுத்தான் மெட்டாடேட்டாவை கமிட் பண்ணும், ரைட்பேக்ல அந்த வரிசை கிடையாது, கிராஷ் ஆச்சுன்னா ஃபைல் உள்ள பழைய குப்பை டேட்டா தெரியலாம். கேஷ், டெம்ப் மாதிரி போனா திரும்ப உருவாக்கிக்கலாம்ங்கற இடத்துக்கு மட்டும் வச்சுக்கங்க.

கேள்வி: பேரியரை (டிஸ்க் சரியான வரிசையில எழுதுறதை உறுதி பண்ற ஏற்பாடு) ஆஃப் பண்ணலாமா?

பதில்: பேட்டரி பேக்கப் உள்ள ரெய்டு கன்ட்ரோலர் இருந்தா மட்டும் யோசிங்க. இல்லேன்னா தொடவே தொடாதீங்க, டிஸ்க்கோட கேஷ் தன் இஷ்டத்துக்கு வரிசையை மாத்தி எழுதும், அப்புறம் ஜர்னல் இருந்தும் ஃபைல்சிஸ்டம் கெட்டுப்போகும்.