எல்லாமே அவதூறுதானா?

கேள்வி: ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். ஸ்லாண்டர், லைபல், டிஃபமேஷன், கலம்னி, ஆஸ்பர்ஷன் எல்லாவற்றுக்கும் அகராதி ‘அவதூறு’ என்கிறது. எப்படிப் பிரிப்பது?

முதல் மூன்றும் சட்டச் சொற்கள். தவறினால் வழக்கின் பொருளே மாறிவிடும். டிஃபமேஷன் பொதுப்பெயர். வாயால் சொல்லிக் காற்றோடு போவது ஸ்லாண்டர், நிலையான வடிவில் இருப்பது லைபல். லைபலை ‘எழுத்து’ என்று சுருக்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கொலைக்குற்றம் நிரூபணமாகாத ஒருவரின் மெழுகுருவத்தை லண்டன் மேடம் துசோ மெழுகுச்சிலைக் கூடத்தில், கொலைகாரர்களின் உருவங்கள் இருந்த கொடூரக் காட்சியறையை ஒட்டி வைத்திருந்தார்கள். எழுத்தே இல்லாத உருவமும் லைபல் ஆகலாம் என்று 1894இல் நீதிமன்றம் ஏற்றது. இன்று அங்கே வானொலிப் பேச்சும் லைபல்தான்.

இங்கிலாந்தில் ஸ்லாண்டர் வழக்குப் போடுபவர், சில விலக்குகள் தவிர, பண இழப்பைக் காட்டியாக வேண்டும். லைபலுக்கு அது வேண்டாம். இந்தியக் குற்றவியல் சட்டத்தில் இந்தப் பிரிவினையே கிடையாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு (முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500) பேச்சையும் எழுத்தையும் ஒன்றாகவே பார்க்கிறது. எனவே இங்கிலாந்து வழக்கென்றால் ‘வாய்மொழி அவதூறு’, ‘நிலைவடிவ அவதூறு’ என்று பிரித்து எழுதுங்கள். இந்திய வழக்குக்கு ‘அவதூறு’ போதும்.

இனி வேர்கள். ஸ்லாண்டரின் மூலம் ‘ஸ்கண்டலான்’ என்ற கிரேக்கச் சொல். கண்ணி, இடறுகல் என்று பொருள். இலத்தீனும் பழைய பிரெஞ்சும் கடந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஸ்காண்டல் அதன் உடன்பிறப்பு. லைபல், இலத்தீன் ‘லிபெல்லுஸ்’, அதாவது சிறுநூல். பழைய கப்பல் வழக்கு ஆவணங்களில் லைபல் என்றால் வாதியின் மனு. அங்கே ‘அவதூறு’ என்று எழுதினால் கதை கந்தல்.

கலம்னிக்குப் ‘பொய்ப்பழி’ பொருந்தும்: ரோமச் சட்டத்தில் ‘கலும்னியா’ என்பது பொய்யென்று தெரிந்தே ஒருவர்மேல் சுமத்தும் குற்றச்சாட்டு. ஆஸ்பர்ஷனின் வேர்ப்பொருள் தெளித்தல். தேவாலயத்தில் புனித நீர் தெளிப்பதற்கும் அதே சொல். நாமும் களத்தில் நெல்லைத் தூற்றுகிறோம், ஊரில் ஆளைத் தூற்றுகிறோம்! ஆனால் ஆஸ்பர்ஷன் பெரும்பாலும் நேரடிக் குற்றச்சாட்டு அல்ல, சந்தேகம் கிளப்புவது. ‘களங்கம் கற்பித்தல்’ சரியாக வரும்.

இவற்றில் எதற்கும் ‘புறங்கூறல்’ என்று போடாதீர்கள். ஆள் இல்லாதபோது பேசுவதே அதன் அடையாளம். சொன்னது மெய்யாகவும் இருக்கலாம். ஸ்லாண்டரை முகத்துக்கு நேரேயும் செய்யலாம், மூன்றாவது ஆள் ஒருவர் கேட்டால் போதும்.