ஃபத்வாவைக் காட்டி ஒரு குடும்பத்தை ஒதுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் ஜமாஅத் (பள்ளிவாசல் நிர்வாகம்), வெளியூரிலிருந்து வாங்கிய ஒரு ஃபத்வாவை, அதாவது மார்க்க அறிஞரின் சட்டக் கருத்தை, காட்டி ஒரு குடும்பத்தையே ஒதுக்கி வைத்திருக்கிறது. நிக்காஹ் தஃப்தர் (திருமணப் பதிவேடு) தர மாட்டார்களாம், மையவாடியில் (அடக்கஸ்தலத்தில்) இடமும் கிடையாதாம். ஃபத்வா வந்துவிட்டால் முஸ்லிம்கள் கட்டுப்பட்டே ஆக வேண்டுமா? இவற்றை அரசு ஒரேயடியாகத் தடை செய்துவிட்டால் என்ன?
– தஞ்சை மாவட்ட வாசகர்

பதில்: கட்டுப்பட வேண்டியதில்லை. உங்கள் ஜமாஅத் செய்திருப்பது மார்க்கத்திலும் தப்பு, நாட்டுச் சட்டத்திலும் தப்பு. ஆனால் ஃபத்வாவையே தடை செய்யுங்கள் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

காஜி வேறு, முஃப்தி வேறு. காஜி என்பவர் இஸ்லாமிய ஆட்சியில் நீதிபதி; இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, சாட்சியை விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர். அவர் சொன்னால் கட்டுப்படுத்தும். ஃபத்வா தருபவர் முஃப்தி. அவர் யாரையும் விசாரிப்பதில்லை. ஒருவர் வந்து கேட்கிறார், கேட்டதற்கு இவர் பதில் சொல்கிறார். நீங்கள் சொன்னபடி விஷயம் இருந்தால் சட்டம் இது என்பதற்கு மேல் அந்தப் பதிலுக்குப் பொருள் கிடையாது. கடைசியில் ‘வல்லாஹு அஃலம்’, அல்லாஹ்வே நன்கறிந்தவன், என்று எழுதி முடிப்பது வழக்கம்.

16ஆம் நூற்றாண்டில் இஸ்தான்புல்லில் கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஷைகுல் இஸ்லாமாக இருந்தவர் எபுஸ்ஸுஊத். உதுமானியப் பேரரசின் தலைமை முஃப்தி. அவர் காலத்து ஃபத்வாக்களில் சம்பந்தப்பட்டவர்களின் பெயரே இருக்காது. ஆண் என்றால் ஸைத், இன்னொரு ஆண் அம்ர், பெண் என்றால் ஹிந்த். ஸைத் தன் மனைவி ஹிந்திடம் இப்படிச் சொல்லிவிட்டான், தலாக் ஆகுமா என்ற மாதிரி கேள்வி இருக்கும். பதில் பல நேரம் ஒரே வார்த்தை: ஆகும், அல்லது ஆகாது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு ஒருவன் காஜியிடம் போனால், அந்த ஸைத் இவன்தானா, அப்படிச் சொன்னது உண்மையா என்று விசாரிப்பது காஜியின் வேலை. சுல்தானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முஃப்தியே இந்த எல்லையைக் காத்தார் என்றால், உங்கள் ஊர் ஜமாஅத் எந்த அதிகாரத்தில் ஒரு குடும்பத்தின் பெயரை எழுதி ஃபத்வா வாங்கி, தானே அதைத் தண்டனையாகவும் ஆக்கியது?

அதற்காகக் கேட்கும் வழக்கத்தையே ஒழிக்க முடியுமா? அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் ஒரு சம்பவம் வருகிறது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலை உடைந்துவிட்டது. அன்று அவருக்குக் குளிப்பும் கடமையாகிவிட்டது. நான் குளிக்காமல் தயம்மும் (தண்ணீருக்குப் பதில் மண்ணால் சுத்தம்) செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று கூட வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர்தான் இருக்கிறதே, உனக்குச் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி நபிகள் நாயகத்திடம் வந்தபோது, “அவர்கள் அவரைக் கொன்றுவிட்டார்கள்” என்றார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்பதுதானே என்றும் சொன்னார்கள். தண்ணீர் இருந்தால் குளிக்க வேண்டும் என்ற சட்டம் அந்தத் தோழர்களுக்குத் தெரிந்திருந்தது. எதிரில் நின்றவரின் உடைந்த தலையைத்தான் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தத் தலையைப் பார்த்துப் பதில் சொன்னவர்களும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் தானா பவன் என்று ஓர் ஊர், அப்போது முசாஃபர்நகர் மாவட்டத்தில் இருந்தது. தேவ்பந்த் மதரசாவில் படித்த மௌலானா அஷ்ரஃப் அலி தானவியின் ஊர் அது. ஹனஃபி மத்ஹபில் (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்டப் பிரிவு) மனைவி தன் முயற்சியில் நிக்காஹிலிருந்து விடுபட வழி மிகக் குறைவு. கணவன் காணாமல் போய்விட்டால், அவன் வயதுக்காரர்கள் எல்லாரும் இறக்கும் காலம் வரை அவள் காத்திருக்க வேண்டும். வேறு வழி தெரியாத பெண்கள், குறிப்பாகப் பஞ்சாபில், மதம் மாறிவிட்டேன் என்று அறிவித்து நிக்காஹை முறித்துக்கொண்டார்கள். தானவி அவர்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. மதீனாவில் இருந்த, மாலிகி என்ற இன்னொரு மத்ஹபின் ஆலிம்களுக்கு (மார்க்க அறிஞர்களுக்கு) எழுதிப் பதில் வாங்கினார். முன்பு தானே சொல்லியிருந்ததையும் மாற்றிக்கொண்டு, இந்த இக்கட்டில் மாலிகி சட்டத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று 1930களின் தொடக்கத்தில் எழுதினார். 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்துக்கு வழி விட்டது அந்த ஃபத்வா. கணவன் நான்கு வருஷம் காணாமல் போனால் மனைவி நீதிமன்றம் போகலாம் என்று அதில் இருப்பது மாலிகி மத்ஹபிலிருந்து வந்ததுதான். நம் ஊர்ப் பெண்கள் இன்றைக்கும் இந்தச் சட்டத்தில்தான் வழக்குப் போடுகிறார்கள். தடை செய்யுங்கள் என்பவர்கள் இதையும் சேர்த்துத்தான் தடை செய்யச் சொல்கிறார்கள்.

அதே முசாஃபர்நகர் மாவட்டத்தில் 2005ல் ஒரு பெண்ணை மாமனார் பலாத்காரம் செய்தார். தகப்பன் தொட்ட பெண் மகனுக்கு ஹராம் (விலக்கப்பட்டவள்), அவள் இனிமேல் கணவனோடு வாழக் கூடாது என்று தேவ்பந்திலிருந்து ஃபத்வா வந்தது. கேட்டது அந்தப் பெண் இல்லை, அவள் கணவனும் இல்லை. ஒரு பத்திரிகையாளர். குற்றம் செய்யாதவள் குடும்பத்தை இழக்க வேண்டும் என்று, அவள் கேட்காமலேயே சொன்னார்கள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் இதற்குப் பதில் நேர் எதிர்: ஹராமான ஒரு செயல் ஹலாலான (அனுமதிக்கப்பட்ட) நிக்காஹை முறிக்காது. தானவி மாலிகி மத்ஹபுக்குப் போன மாதிரி இவர்கள் ஷாஃபி மத்ஹபுக்குப் போயிருக்கலாம். மனம் வரவில்லை. மாமனாரை நீதிமன்றம் 2006ல் தண்டித்தது.

இந்த ஃபத்வாவை ஒட்டி வந்த வழக்கில் 2014 ஜூலை 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஃபத்வா ஒரு கருத்து, யாரையும் கட்டுப்படுத்தாது, வேண்டாதவர் ஒதுக்கிவிட்டுப் போகலாம், எந்த வழியிலாவது அதைத் திணித்தால் அது சட்டவிரோதம் என்றது. ஃபத்வாவைத் தடை செய்ய வேண்டும் என்று வழக்குப் போட்டவர் கேட்டதை ஏற்கவில்லை. சம்பந்தப்பட்டவரோ நேரடி அக்கறை உள்ளவரோ கேட்காமல் தனி ஒருவரைப் பற்றி ஃபத்வா தராதீர்கள் என்றும் அறிவுரை சொன்னது. இது முஃப்திகளின் பழைய ஒழுங்குக்குப் புதிதல்ல. “மக்கள் உனக்கு ஃபத்வா கொடுத்தாலும் உன் உள்ளத்தைக் கேள்” என்று நபிகள் நாயகம் தம் தோழர் வாபிஸாவிடம் சொன்ன மார்க்கம் இது.

உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஃபத்வாவின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். பதிலைப் படிப்பதற்கு முன் கேள்வியைப் படியுங்கள். கேட்டவர் யார், என்ன சொல்லிக் கேட்டார், அந்தக் குடும்பத்தில் ஒருவரையாவது கூப்பிட்டு விசாரித்தார்களா என்று பாருங்கள். கேள்வி ஒருதலையாக இருந்தால், முழு விவரத்தையும் எழுதி அந்தக் குடும்பமே அதே முஃப்திக்கு அனுப்பட்டும், பதில் மாறலாம். மாறினாலும் மாறாவிட்டாலும் ஒதுக்கி வைக்க ஜமாஅத்துக்கு உரிமையில்லை. நிக்காஹ் தஃப்தரும் மையவாடியும் நிர்வாகிகளின் சொத்தல்ல. முதலில் வக்ஃப் வாரியத்துக்கு எழுதுங்கள், அப்புறமும் மிரட்டினால் போலீசில் புகார் கொடுங்கள். அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்களும் நாலு பேரும் முன்னால் போய் நில்லுங்கள்.