ரோமானிய வெற்றி நாணயம்: தங்கச் சோதனை போதுமா?

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். ரோமப் பேரரசர் கிளாடியஸ் பிரிட்டனை வென்றதற்காக அடித்த தங்க நாணயம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 98 சதவீதம் தங்கம் என்று நகைக்கடையில் சோதித்த சீட்டும் தருகிறேன் என்கிறார் விற்பவர். வாங்கலாமா? பிறகு ஊருக்குக் கொண்டுவரலாமா?

பதில்: அந்தச் சீட்டை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தங்கத்தின் தரத்தைத்தான் அது சொல்லும், நாணயத்தின் வயதைச் சொல்லாது. நல்ல தங்கத்திலேயே போலி செய்தவர்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜெர்மனியில் பெக்கர் என்பவர் தானே அச்சு செதுக்கிப் பழங்கால நாணயங்களை அடித்து விற்றார்.

முதலில் எடை. கிளாடியஸ் காலத்து ஆரியஸ் (ரோமானியத் தங்க நாணயத்தின் பெயர்) சுமார் 7.7 கிராம் இருக்கும். நீரோ கி.பி. 64 வாக்கில் குறைத்த பிறகுதான் 7.3க்கு இறங்கியது. அடுத்து பின்பக்கம்: வெற்றி வளைவு, மேலே குதிரை வீரன் சிலை, இருபுறமும் எதிரியிடம் பறித்த ஆயுதங்கள் மாட்டிய கம்பம், வளைவின் நெற்றியில் ‘தே பிரிட்டான்’ என்ற லத்தீன் எழுத்துகள். அவற்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அச்சில் அடித்தது என்றால் எழுத்தோரம் கூர்மையாக நிற்கும். வார்ப்பு என்றால் மழுங்கி, பள்ளங்களில் பொடிக் குமிழ்கள் தெரியும். விளிம்பில் அரம் போட்ட தடம் இருந்தால், வார்ப்புத் தையலை, அதாவது வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோட்டை, மறைத்திருக்கலாம். நகையில் கோத்திருந்த அசலாகவும் இருக்கலாம், ஆனால் அதற்கு விலை நன்றாகக் குறைய வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது காகிதத்தைத்தான். இதற்கு முன் யாரிடம் இருந்தது? எந்தப் பழைய ஏல கேட்லாக்கில் படம் வந்தது? சீசர் கொலையை நினைவுகூரும் புரூட்டஸின் தங்க நாணயம் ஒன்று 2020இல் லண்டனில் 30 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. நாணயம் அசல்தான், கைமாறிய வரலாறுதான் பொய். 2023இல் அது கிரீஸுக்குத் திருப்பித் தரப்பட்டது.

அப்புறம், அரசர் முகத்தில் உளிவெட்டு உள்ள நாணயத்தை யாராவது நீட்டினால் இன்னும் கவனம் தேவை. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியத் தங்க நாணயங்களில் பெரும்பாலானவை அப்படி வெட்டுப்பட்டவை. அந்த மாதிரி நாணயம் இந்தியாவிலிருந்து எப்போது, எப்படி வெளியேறியது என்று கேட்டே ஆக வேண்டும்.

ஊருக்குக் கொண்டுவருவது பற்றி: நூறு வருடம் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் அடங்கும். தனியார் அதை இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துச் செல்லத் தடை உண்டு. பிறகு லண்டனில் விற்கும் எண்ணம் இருந்தால் அங்கேயே வைத்திருங்கள்.

போலி என்று எப்போது தெரிந்தாலும் முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகவும், முந்தைய உரிமையாளர்கள் யார் என்றும் விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு நாணயம் பாருங்கள்.