அடுப்படிக் கேள்வி - பதில்: ஞாயிறு அன்று எதைச் செய்து வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

வேலை நாட்களுக்கு முன்கூட்டியே சமைத்து வைப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இந்த இதழில்.

ஞாயிற்றுக்கிழமை சாம்பார், பொரியல், கூட்டு மூன்றையும் மூன்று நாளைக்குச் சேர்த்துச் செய்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன். செவ்வாய்க்கிழமை எடுத்தால் வீட்டில் யாரும் தொடுவதில்லை. நானும் கணவரும் ஏழரை மணிக்குக் கிளம்ப வேண்டும். வேறு என்ன வழி? (திருப்பூர் வாசகி)

முழுச் சமையலைச் செய்து வைக்காதீர்கள், பாதி வேலையைச் செய்து வையுங்கள். தேங்காய், தாளிப்பு, குழம்பில் வெந்து கிடக்கும் காய் மூன்றும்தான் நாள்பட்ட சமையலைக் கெடுப்பவை. தேங்காய் ஊசிப்போகும். கறிவேப்பிலை, பெருங்காய மணம் ஒரே நாளில் அடங்கிவிடும். கத்தரிக்காயும் பூசணியும் குழம்பிலேயே ஊறிக் கரைந்துவிடும். இந்த மூன்றையும் அன்றன்று காலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றதை எல்லாம் ஞாயிறன்றே முடித்துவிடலாம்.

முதலில் பருப்பு. நாலு பேருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் துவரம்பருப்பு என்று கணக்கு வைத்தால் நாலு நாளைக்கு 400 கிராம். இருபது நிமிடம் ஊறவைத்து, மூன்று மடங்கு தண்ணீர், அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு நாலு விசில் வையுங்கள். பருப்பு பொங்கி நுரைத்து வெயிட் துவாரத்தை அடைக்கும் என்பதால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. சின்னக் குக்கர் என்றால் இரண்டு தடவையாக வையுங்கள். உப்புப் போடாமல் மசித்து நாலு டப்பாவாகப் பிரியுங்கள். ஆறியதும் திங்கள், செவ்வாய் டப்பாக்கள் கீழ்த்தட்டுக்கு, புதன், வியாழன் டப்பாக்கள் ஃப்ரீசருக்கு. ஃப்ரீசரில் இருப்பதை முந்தைய இரவே கீழே இறக்கிவிடுங்கள். நாலு நாளும் சாம்பார்தான் வைக்க வேண்டும் என்றில்லை. அதே பருப்பு ஒரு நாள் ரசத்துக்கு, ஒரு நாள் கூட்டுக்கு, ஒரு நாள் கீரைக் கடைசலுக்கு ஆகும்.

அடுத்தது புளி. 200 கிராம் கொட்டை நீக்கிய புளியை அரை லிட்டர் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் மஞ்சள்தூள் சேர்த்து, கால் லிட்டர் ஆகும் வரை மிதமான தீயில் சுண்டவிடுங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தண்ணீராக ஓடாமல் கனமாகச் சொட்ட வேண்டும். அதற்கு முன்பே இறக்கினால் பத்து நாளில் மேலே பூஞ்சை படரும். ஸ்டீல் பாத்திரத்தில் காய்ச்சிக் கண்ணாடி பாட்டிலில் வையுங்கள். அலுமினியத்தையும் ஈயம் பூசாத பித்தளையையும் புளி அரிக்கும். ஃபிரிட்ஜில் ஒரு மாதம் தாங்கும். நாலு பேர் சாம்பாருக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன் போதும்.

இவை இருந்தால் காலையில் சாம்பாருக்குப் பதினைந்து நிமிடம் போதும். இரண்டு டம்ளர் தண்ணீரில் சின்ன வெங்காயம், நறுக்கிய காய், இரண்டு டீஸ்பூன் சாம்பார் பொடி, உப்பு போட்டு மூடி வேகவிடுங்கள். காய் வெந்த பிறகே புளி விழுது. புளியை முதலிலேயே ஊற்றினால் காய் வேகாமல் நறுக்கென்று நிற்கும். புளிப்பு காயின் நாரை இளகவிடாது. புளி மூன்று நிமிடம் கொதித்ததும் பருப்பைச் சேர்த்து, ஒரு கொதி வந்ததும் தாளித்து இறக்குங்கள்.

அரைத்த மாவு புதன்கிழமைக்குள் புளித்துவிடுகிறது. ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன். (மதுரை வாசகி)

மாவு முழுவதையும் புளிக்க வைத்துவிட்டு ஃபிரிட்ஜில் வைக்கிறீர்கள். குளிரில் புளிப்பு நிற்பதில்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான். அதனால் அரைத்த கையோடு மாவை இரண்டாகப் பிரியுங்கள். திங்கள், செவ்வாய்க்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துப் புளிக்கவிடுங்கள். மீதியை உப்புப் போடாமல், புளிக்கவிடாமல் உடனே ஃபிரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கே சூடு ஏறும். செவ்வாய்க்கிழமை மாலை வெளியே எடுத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து வைத்தால் புதன் காலை புது மாவு போலவே பொங்கியிருக்கும்.

அளவு நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். சித்திரை வெயிலில் உளுந்தை ஃபிரிட்ஜிலேயே ஊறவைத்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரையே தெளித்து அரையுங்கள். அரைக்கும்போது மாவு சூடானால் ராத்திரி முழுவதும் வேண்டிய புளிப்பு ஐந்து மணி நேரத்திலேயே ஏறிவிடும். மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

இன்னொரு தவறு, பெரிய தூக்கை தினமும் வெளியே எடுத்து, தேவையான மாவை எடுத்துவிட்டு மறுபடி உள்ளே வைப்பது. மாவு ஒவ்வொரு முறையும் இளஞ்சூடாகித் திரும்பப் புளிக்கத் தொடங்கும். நாளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற மாவை அப்படியே தட்டில் ஊற்றினால் இட்லி ஓரம் வெந்து நடு கெட்டியாக இருக்கும், அரை மணி நேரம் வெளியே வைத்து ஊற்றுங்கள்.

புளித்துப் போனதை வீணாக்க வேண்டாம். ஒரு டம்ளர் மாவுக்கு அரை டம்ளர் கேழ்வரகு மாவு, தேவையான தண்ணீர் கலந்து கால் மணி நேரம் வைத்து, வெங்காயம், பச்சைமிளகாய் தூவித் தோசை வார்க்கலாம். ஆனால் மேலே பச்சையோ, இளஞ்சிவப்போ படர்ந்திருந்தால் மேலாக வழித்து எடுத்துவிட்டுப் பயன்படுத்தாதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

ராத்திரியே சாதம் வடித்து வைத்துக் காலையில் டப்பாவில் கட்டுகிறேன். பழைய சாதம் விஷமாகும் என்று தோழி சொல்கிறார். காலம் காலமாகப் பழைய சோறு சாப்பிட்டுத்தானே வந்திருக்கிறோம்? (கும்பகோணம் வாசகி)

தோழி சொல்வதில் உண்மை இருக்கிறது. அரிசியோடு வரும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் வித்துகள் சாதம் கொதித்தாலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அதில் ஒரு வகை உண்டாக்கும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி வரும். சாதம் பார்க்க நன்றாகவே இருக்கும், வாடையும் வராது. அதனால் முகர்ந்து பார்த்து முடிவு செய்வது இங்கே உதவாது.

பழைய சோற்றின் கதை வேறு. ஆறிய சோற்றில் நிறையத் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். இரவில் அது புளித்து அமிலம் ஏறுவதால் பல கிருமிகளுக்கு அங்கே இடம் குறைகிறது. காலையில் உப்பும் மோரும் விட்டு அப்போதே சாப்பிட்டும் விடுகிறோம். தண்ணீர் இல்லாத சாதத்தைக் குக்கரிலேயே விடியும் வரை மூடிவைத்து, பிறகு டப்பாவில் மதியம் வரை வைத்திருப்பது அதற்கு ஈடாகாது. ஹாட்பேக்கும் காப்பாற்றாது. அது மெல்ல மெல்ல 60 டிகிரிக்குக் கீழே இறங்கி, கிருமிக்கு இதமான சூட்டிலேயே வெகுநேரம் நிற்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் எந்த உணவும் நெடுநேரம் நிற்கக் கூடாது.

இரவில் வடித்தே ஆக வேண்டும் என்றால், அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். அரை மணி நேரத்தில் ஆறிவிடும். உடனே மூடி ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே தீர்த்துவிடுங்கள். சூடாக்கும்போது தண்ணீர் தெளித்து, நடுவிலும் ஆவி பறக்கும் வரை சூடாக்க வேண்டும், அதுவும் ஒரே முறைதான்.

எங்கள் அபிப்பிராயத்தில், சாதத்தை மட்டும் காலையிலேயே வையுங்கள். ராத்திரியே அரிசியை அளந்து டப்பாவில் எடுத்து வைத்துவிட்டால், எழுந்ததும் களைந்து குக்கரில் ஏற்றி நீங்கள் குளித்து வருவதற்குள் வெந்துவிடும். முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியது புளிக்காய்ச்சல். 100 கிராம் புளியின் கெட்டிக் கரைசல், 100 மில்லி நல்லெண்ணெய், 10 காய்ந்த மிளகாய், இரண்டு டேபிள்ஸ்பூன் கடலைப்பருப்பு, வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, உப்பு, பெருங்காயம், கடைசியில் அரை டீஸ்பூன் வறுத்த வெந்தயப் பொடி. எண்ணெய் ஓரத்தில் பிரிந்து மினுங்கும் வரை கொதித்தால் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் இருக்கும். ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது.

கணவருக்குச் சர்க்கரை. மதியத்துக்குச் சாதத்துக்குப் பதில் வரகு, சாமை செய்து கொடுத்தால் போதுமா? (கோயம்புத்தூர் வாசகி)

போதாது. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால் வரகு, சாமையில் 65, 66 கிராம். நார்ச்சத்து கூடுதல் என்பது நல்லதுதான், ஆனால் தட்டு நிறையப் போட்டால் அந்த நன்மை போய்விடும். முதலில் மாற வேண்டியது தட்டின் பங்கீடு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி எடுத்துக்கொள்பவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்பு அல்லது முட்டை, இறைச்சி 85 கிராம் என்று கணக்கு. நம் வீட்டு டப்பாக்களில் காயும் பருப்பும் குறைவாகவும் தானியம் மிகுதியாகவும் இருக்கின்றன.

இதற்குச் செய்து வைக்க எளிது சுண்டல். 250 கிராம் கொண்டைக்கடலையைப் பத்து மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் ஐந்து விசில் வேகவையுங்கள். வடித்து, ஆறவைத்து, ஐந்து பங்காக ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு பங்கில் 50 கிராம் கடலை, அதாவது 9 கிராமுக்கு மேல் புரதம். காலையில் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துத் தாளித்தால் முடிந்தது. பாசிப்பயறும் காராமணியும் ஃப்ரீசரில் குழைந்துவிடுகின்றன. அவற்றை ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் தீர்க்கலாம். முட்டையை ஓட்டோடு அவித்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும், உரித்துவிட்டால் அன்றே சாப்பிடுங்கள். சாதத்தைக் குறைக்கும்போது மாத்திரை, இன்சுலின் அளவு பற்றி டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், சர்க்கரை சட்டென்று இறங்கலாம்.

காய்களை எத்தனை நாளைக்கு முன்பு நறுக்கலாம்? (சேலம் வாசகர்)

பீன்ஸ், கேரட், முட்டைக்கோஸ் மூன்று நாள். அவரை, கொத்தவரங்காய் இரண்டு நாள். வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகு நறுக்கினால் ஒரு நாள். ஈரத்தோடு நறுக்கினால் மறுநாள் பசையாக ஒட்டும். கத்தரி, வாழைக்காய், உருளை மூன்றும் கறுத்துவிடும், அன்றே நறுக்குங்கள். கீரையைக் கழுவாமல் ஆய்ந்து, உலர்ந்த வெள்ளைத் துணியில் சுற்றி வையுங்கள், சமைக்கும்போது கழுவிக்கொள்ளலாம். செய்தித்தாளில் சுற்றுவதை விட்டுவிடுங்கள், அச்சு மை உணவில் இறங்கும். நறுக்கிய காய்களில் வைட்டமின் சி மெல்லக் குறையும் என்பதால் முடிந்தவரை பெரிய துண்டுகளாகவே நறுக்குங்கள்.

பொரியல் மதியத்துக்குள் ஊசிப்போகிறது. (நாகர்கோவில் வாசகி)

சூட்டோடு டப்பாவை மூடுகிறீர்கள். ஆவி மூடியில் முட்டித் துளித்துளியாக மறுபடி காயின் மேல் விழும். அந்த ஈரத்தில் தேங்காய் கெட்டுவிடும். தட்டில் பத்து நிமிடம் ஆறவிட்டு மூடுங்கள். பங்குனி முதல் ஆடி வரை டப்பாவுக்குத் தேங்காய்க்குப் பதில் வறுத்த வேர்க்கடலைப் பொடி தூவலாம், ருசி குறையாது. துருவிய தேங்காயைக் கைப்பிடி கைப்பிடியாக ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் வரும்.

சப்பாத்தி மாவு ஃபிரிட்ஜில் கறுத்துவிடுகிறது. (வேலூர் வாசகி)

காற்றுப் பட்டால் கோதுமை மாவு கறுக்கும். பிசைந்ததும் மேலே எண்ணெய் தடவி, மாவு நிரம்புகிற சின்ன டப்பாவில் அழுத்தி மூடினால் ஒரு நாள் வெளுப்பாக இருக்கும். இரண்டு, மூன்று நாளைக்கு வேண்டும் என்றால், தேய்த்து இரண்டு பக்கமும் முப்பது விநாடி மட்டும், புள்ளி விழாமல் வாட்டி, நன்றாக ஆறவைத்து அடுக்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். சூட்டோடு அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிறு வாங்கும் கோழியை எப்படிப் பிரித்து வைப்பது? கரண்ட் போனால் என்ன செய்வது? (தூத்துக்குடி வாசகர்)

பச்சைக் கறி ஃபிரிட்ஜில் இரண்டு நாளைக்கு மேல் வேண்டாம். மீதியை மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது தடவி அரைக் கிலோ பொட்டலங்களாக, பையைத் தட்டையாக அழுத்தி ஃப்ரீசரில் வையுங்கள். உருண்டையாக வைத்தால் இரவு முழுக்கக் கீழ்த்தட்டில் இருந்தாலும் நடு உறைந்தே இருக்கும். சமையல் மேடையில் வைத்து இளக்கக் கூடாது. இளகிய பச்சைக் கறியை மறுபடி உறைய வைக்கக் கூடாது. கீழ்த்தட்டில் இளகும்போது அடியில் ஒரு கிண்ணம் வையுங்கள், வடியும் நீர் காய்கறியில் படக் கூடாது.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் ஃபிரிட்ஜ் நாலு மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்த ஃப்ரீசர் 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். நம் ஊர் வெயிலில் இதைவிடக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இல்லாதபோது கரண்ட் போய் வந்ததா என்று தெரிந்துகொள்ள, ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். நாணயம் கிண்ணத்தின் அடியில் கிடந்தால் பனி முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது, அந்தக் கோழியைக் கொட்டிவிடுங்கள்.