ஊர்தோறும் இருந்த கட்சி மன்றங்கள் இங்கிலாந்துக் கட்சி கிளப்புகள் மாதிரியா, இல்லை வெறும் அரட்டை மடங்களா?

கேள்வி கேட்டவர், இங்கிலாந்தில் கன்சர்வேடிவ் கிளப், லேபர் கிளப் என்று கட்சிக்காரர்கள் மாலையில் கூடும் இடங்கள் ஊருக்கு ஊர் இருந்ததைப் படித்திருக்கிறார். நம்மூர் மன்றங்களும் படிப்பகங்களும் அப்படித்தானா, அரட்டை மடங்களா என்பது அவர் சந்தேகம். வயது முப்பதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். தாத்தா வீட்டுப் பரணில் பழைய கறுப்பு சிவப்புத் துண்டு ஏதாவது கிடைத்திருக்கும்.

'அரட்டை மடம்' என்ற சொல்தான் என்னை எழுத உட்கார வைத்தது. அதைச் சொல்லித்தான் என் அம்மா என் அப்பாவை இருபது வருடம் திட்டினார். அம்மாவுக்கு அந்த உரிமை உண்டு. மற்றவர்கள் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

முதலிலேயே ஒன்று. நான் இன்று எந்தக் கட்சியிலும் இல்லை. இதைப் படித்ததும் யாராவது வந்து ஊழல் கணக்கு எடுத்து வீசுவார்கள் என்று தெரியும். வீசட்டும், நான் சொல்லப்போவது ஆட்சியைப் பற்றி இல்லை, ஒரு ஓலைக் கொட்டகையைப் பற்றி. காங்கிரஸுக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்கும் படிப்பகங்கள் இருந்ததே என்பார்கள். இருந்தன. பக்கத்து ஊரில் கம்யூனிஸ்ட் பத்திரிகை ஜனசக்தி வாங்கிப் போட்ட படிப்பகத்துக்கு நானே போயிருக்கிறேன். எனக்கு உள்ளும் புறமும் தெரிந்தது தி.மு.க. மன்றம் ஒன்றுதான் என்பதால் அதைச் சொல்கிறேன்.

இங்கிலாந்துக் கணக்கு வேறு. 1862-ல் ஹென்றி சாலி என்ற பாதிரியார் தொழிலாளர் கிளப்புகளுக்கு ஒரு சங்கம் தொடங்கியபோது மது கூடாது என்றுதான் ஆரம்பித்தார். ஆள் சேரவில்லை. சில வருடங்களில் பீரை உள்ளே விட்டார்கள். அப்புறம் பீர் விற்ற காசில் கிளப்புகள் கட்டடம் கட்டின, பில்லியர்ட்ஸ் மேசை போட்டன. கட்சி கிளப்புகளுக்கும் அந்த வருமானம்தான் முதுகெலும்பு. இங்கே சென்னை மாகாணம் முழுக்க 1948-லிருந்து மதுவிலக்கு. எங்கள் மன்றங்கள் டீயில் வாழ்ந்தன. டீயில் கட்டடம் எழும்பாது. அவர்கள் கிளப்புகள் பல இன்னும் நிற்பதற்கும் நம் மன்றங்கள் இருந்த தடம்கூட இல்லாமல் போனதற்கும் பாதிக் காரணம் இதுதான் என்பேன்.

எங்கள் ஊர் ஆரணிப் பக்கம். பட்டு நெசவு. புறம்போக்கில் போட்ட கொட்டகை, வாசலில் கொடிக்கம்பம், உள்ளே இரண்டு பெஞ்சு, ஒரு கேரம் போர்டு, தந்தை பெரியார் படம், அண்ணா படம். அப்பா செயலாளர். மாதச் சந்தா இருபத்தைந்து காசு. அதையும் கொடுக்காமல் பேப்பர் படித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

1949-ல் கட்சி தொடங்கி 1957 வரை அது தேர்தலிலேயே நிற்கவில்லை. எட்டு வருடம் எம்.எல்.ஏ. கிடையாது, பதவி கிடையாது. அப்படியென்றால் கட்சி எங்கே இருந்தது? பத்திரிகைகளிலும் மன்றங்களிலும்தான். தலைவருக்கு ஒரு பத்திரிகை: அண்ணாவுக்கு திராவிட நாடு, கருணாநிதிக்கு முரசொலி, நெடுஞ்செழியனுக்கு மன்றம், கண்ணதாசனுக்கு தென்றல். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் உரக்கப் படிப்பான், இருபது பேர் கேட்பார்கள். முடிவெட்டும் கடையிலும் சைக்கிள் கடையிலும் இதே கதைதான். 1957-ல் 15 இடம், 1962-ல் 50, 1967-ல் ஆட்சி என்று வந்ததைச் சினிமாவால் வந்தது என்று ஒற்றை வரியில் முடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சினிமா பார்த்துவிட்டு வந்தவன் உட்கார்ந்து பேச ஒரு பெஞ்சு வேண்டாமா?

எட்டு வயதிலிருந்து எங்கள் ஊரில் உரக்கப் படிக்கிறவன் நான். பேப்பர் பகல் பஸ்ஸில் வரும். பள்ளிக்கூடம் விட்டதும் அதை எடுத்துக்கொண்டு அப்பாவின் தறிக்குப் போவேன். நெசவு செய்பவனுக்குக் கையும் காலும் வேலையில் இருக்கும், காது சும்மா இருக்கும். நாலு தறி ஒரே கூடத்தில். நாடா ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திப் படிக்க வேண்டும். முக்கியமான இடம் வந்தால் தறிகள் ஒவ்வொன்றாக நிற்கும். நாலும் நின்றுவிட்டால் அந்த வரியைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று அர்த்தம். 1953-ல் கைத்தறி தேங்கிக் கிடந்தபோது கழகத் தலைவர்கள் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்ற கதையை அந்த நாலு பேரும் அலுக்காமல் சொல்வார்கள். அவர்கள் கட்சிக்காரர்கள் ஆனதற்குக் கொள்கை எவ்வளவு காரணம், அந்தத் துணிமூட்டை எவ்வளவு காரணம் என்று எனக்கு இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் மன்றத்தில் மேடைப் பேச்சுப் பழக்கம் நடக்கும். கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிதான் மேடை. தைமாதம் நாடகம். பிறந்த குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் தேடிக் கொடுப்பதும் மன்றத்து வேலை. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார் என்றால் எங்கள் ஊர் முனுசாமிகளும் விடுவார்களா? பத்திரத்தில் முனுசாமி, மன்றத்தில் வேறு பெயர். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் சட்டம் போட்ட பிறகு அப்பா ஏழு கல்யாணம் நடத்தி வைத்தார். ஏழுக்கும் பதிவு இருக்கிறது, தீர்மானப் புத்தகத்தில்.

அந்தத் தீர்மானப் புத்தகம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நீல மை, சரிந்த கையெழுத்து. அதில் ஒரு தீர்மானம்: "மன்றத்திற்கு ஆறு கண்ணாடி டம்ளர் வாங்குவது என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." ஏன் என்று எழுதவில்லை. எனக்குத் தெரியும். காலனியிலிருந்து மூன்று பேர் மன்றத்துக்கு வருவார்கள். உள்ளே எல்லோருக்கும் ஒரே பெஞ்சு. எதிரே டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர், கூரையில் செருகி வைத்திருப்பார்கள். ஒருநாள் டீ சொல்லி அனுப்ப, கடைப் பையன் பத்து டீயை இரண்டு விதமான டம்ளரில் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான். யாரும் எடுக்கவில்லை. டீ ஆறி ஆடை படிந்தது. மறுநாள்தான் அந்தத் தீர்மானம். அதற்கப்புறம் தூக்குவாளியில் டீ வாங்கி வந்து எங்கள் டம்ளரில் ஊற்றிக் குடித்தோம்.

சின்ன வயதில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அவ்வளவு பெருமையாக இல்லை. டீக்கடைக்காரரும் சந்தா கட்டும் உறுப்பினர். அவரிடம் போய் "அந்த டம்ளரை எடு" என்று சொல்ல அப்பாவால் முடியவில்லை, ஆறு டம்ளர் வாங்கத்தான் முடிந்தது. பெண்கள் விஷயம் இன்னும் மோசம். பெண்ணுரிமை பற்றி அந்தப் பெட்டிமேல் நின்று பேசாத ஆள் கிடையாது. ஒரு பெண்கூட உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. அம்மா வாசலில் நின்று "சோறு ஆறுது" என்று கூப்பிடுவார், அவ்வளவுதான். வெள்ளைக்காரனை உயர்த்திப் பேச வேண்டாம், அவர்கள் தொழிலாளர் கிளப் சங்கத்திலேயே பெண்களுக்குச் சம உரிமை 2007-ல்தான் வந்தது.

ஆட்சி வந்ததும் மன்றத்தின் முகம் மாறியது. பேச்சுப் பழக வந்த கூட்டம் மனு எழுத வரும் கூட்டம் ஆனது. 1971-ல் நம் அரசே மதுவிலக்கை ஒத்திவைத்து, சாராயக்கடை திறந்த வாரம் கேரம் ஆட நாலு பேர் கிடைக்கவில்லை. அப்பா அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

அடுத்த அடி 1972 அக்டோபர். எம்.ஜி.ஆரை நீக்கினார்கள், அவர் தனிக்கட்சி தொடங்கினார். எங்கள் ஊரில் பாதிப் பேர் இங்கே உறுப்பினர், அங்கே ரசிகர் மன்ற உறுப்பினர். என் சித்தப்பாவும் அப்படித்தான். ஒரு மழை ராத்திரி, அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு பாகம் பிரித்தார்கள். வீட்டில் பாகப்பிரிவினைக்குக்கூட அவ்வளவு மௌனம் இருந்திருக்காது. பெஞ்சு ஆளுக்கொன்று. டம்ளரில் ஒன்று ஏற்கெனவே உடைந்திருந்தது, அவர்களுக்கு மூன்று, எங்களுக்கு இரண்டு. கேரம் போர்டு அவர்களுக்கு, காயும் ஸ்ட்ரைக்கரும் எங்களுக்கு என்று ஒருவர் சொல்ல, அப்பா முறைத்ததில் முழுசாக அங்கே போனது. மர்பி ரேடியோ வேண்டும் என்றார் சித்தப்பா. தைத்து வைத்திருந்த பத்திரிகைத் தொகுப்புகள் வேண்டும் என்றார் அப்பா. கொடிக்கம்பத்தைப் பிரிக்க முடியாது, அதனால் பத்தடி தள்ளி அவர்கள் புதிதாக ஒன்று நட்டு, பக்கத்திலேயே கொட்டகையும் போட்டார்கள்.

அந்தத் தொகுப்புகள் பதினாலு. அப்பா இறந்த பிறகு ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஒருவர் வந்தார். ஒரு மாதத்தில் நகல் எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று ஆட்டோவில் ஏற்றிப் போனார். முப்பது வருடம் ஆகிறது. அவர் இப்போது பெரிய ஆள். மேடையில் அதிலிருந்து மேற்கோள் காட்டுகிறார், நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நூலகத்தில் கொடுத்திருக்கலாமே என்பீர்கள். 1948-லேயே சட்டம் போட்டு, வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குகிறார்கள். நானும் வருடா வருடம் தவறாமல் கட்டுகிறேன். எங்கள் பகுதிக் கிளை நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கண்டுபிடிக்க ஜாதகம்தான் பார்க்க வேண்டும். போன வாரம் போனால் வாசலில் யாரோ பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள், உள்ளே விளக்கு எரிகிறது, பூட்டு தொங்குகிறது. கேட்டால் மீட்டிங்காம். மூன்று முறை மனு கொடுத்தாயிற்று. அப்பா மாதிரியே நானும் மனு எழுதுகிறேன், கையெழுத்துகூட அவர் கையெழுத்து மாதிரியே சாய்ந்துவிட்டது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

1976 ஜனவரி 31 அன்று கழக ஆட்சியைக் கலைத்தார்கள். அப்பா அந்தச் செய்தியைக் கேட்டது பத்தடி தள்ளியிருந்த சித்தப்பா மன்றத்து ரேடியோவில்தான். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றே கேட்டார். நெருக்கடிநிலைக் காலம் அது. விசாரணையில்லாமல் உள்ளே வைக்கும் மிசா சட்டத்தில் ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் மன்றத்தைப் பூட்டி, தீர்மானப் புத்தகத்தைத் தறிக்குழிக்குள் செங்கல் நகர்த்தி வைத்தார். நெருக்கடிநிலை முடிந்து திறந்தோம். ஆனால் வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். அப்புறம் டிவி வந்தது, கொட்டகை ஒருபக்கம் சாய்ந்தது, புறம்போக்கு என்பதால் சாலை அகலப்படுத்தும்போது கேட்பாரில்லாமல் போனது.

ரேடியோ விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டேன். அந்தக் காலத்தில் ரேடியோவுக்குத் தபாலாபீஸில் வருடா வருடம் லைசென்ஸ் கட்ட வேண்டும். அந்த லைசென்ஸ் புத்தகம் அப்பா பெயரில் இருந்தது. பெயர் மாற்ற இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு இரண்டு பேரும் தயாரில்லை. அதனால் எதிர்க்கட்சி மன்றத்து ரேடியோவுக்கு அப்பா லைசென்ஸ் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் சித்தப்பா வந்து, பேசாமல், திண்ணையில் காசை வைத்துவிட்டுப் போவார். அப்பா தீர்மானப் புத்தகத்தில் வரவு எழுதி, ரசீது கிழித்து, என்னிடம் கொடுத்து அனுப்புவார். பேச்சுவார்த்தை கிடையாது. பன்னிரண்டு ரசீது நான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் ரேடியோ லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் சித்தப்பா வழக்கம்போல வந்தார். காசு வைக்கவில்லை, திண்ணையில் உட்கார்ந்தார். அப்பா உள்ளே தறியை நிறுத்தவில்லை. அம்மாதான் டீ கொண்டுவந்து வைத்தார், மன்றத்து டம்ளர் இரண்டில். கொஞ்ச நேரத்தில் தறிச் சத்தம் நின்றது.