பலியெல்லாம் எரிந்துவிட்டால் ஆசாரியர் என்ன சாப்பிட்டார்?

கேள்வி: ஞாயிறு பள்ளியில் லேவியராகமம் நடத்துகிறேன். "பலி எல்லாம் சாம்பலாகிவிட்டால் ஆசாரியர் வீட்டில் என்ன சாப்பாடு?" என்று ஒரு பையன் கேட்டான். "கடவுளுக்குக் கொடுத்ததை அவங்க சாப்பிட்டா அது திருட்டு இல்லையா?" என்றாள் ஒரு சிறுமி. இரண்டு பேருக்கும் என்ன சொல்வது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, நல்ல வகுப்பு உங்களுக்கு வாய்த்திருக்கிறது!

பையனுக்கு முதலில். பலி எல்லாமே எரிந்துவிடாது. மிருகம் முழுவதும் பீடத்தில் எரிந்தது சர்வாங்க தகனபலியில்தான், அதிலும் தோல் ஆசாரியருக்கு (லேவி. 7:8). போஜனபலியில் எண்ணெய் விட்ட மாவில் ஒரு கைப்பிடியும் தூபவர்க்கமும் நெருப்புக்குப் போகும், மீதி மாவு ஆசாரியருக்கு. பாவநிவாரணபலியின் இறைச்சியை ஆசாரியக் குடும்பத்து ஆண்கள் பரிசுத்த இடத்திலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. அந்தப் பலியின் இரத்தம் வழிபாட்டுக் கூடாரத்துக்கு உள்ளே கொண்டுபோகப்பட்டிருந்தால் அவர்களும் தொட முடியாது, சுட்டெரித்துவிட வேண்டும்.

வீட்டுக்குப் போனது சமாதானபலியின் பங்கு. மார்க்கண்டமும் (நெஞ்சுப் பகுதி) வலது தொடையும் ஆசாரியருக்கு, கொழுப்பு பீடத்துக்கு, மற்றதைக் கொண்டுவந்த குடும்பமே சாப்பிடும். ஆசாரியன் பங்கில் அவன் வீட்டுப் பெண்களுக்கும் உரிமை உண்டு. அந்நியனுக்கு, அதாவது ஆசாரியக் குடும்பம் அல்லாதவனுக்கு, வாழ்க்கைப்பட்ட மகளுக்குக் கிடையாது, ஆனால் அவள் பிள்ளையில்லாமல் விதவையாகியோ கணவனால் தள்ளப்பட்டோ தகப்பன் வீட்டுக்குத் திரும்பினால் மறுபடியும் உண்டு (லேவி. 22:12, 13). பலிச் சட்டங்களுக்கு நடுவில் இவளையும் நினைத்து ஒரு வரி எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

உபாகமம் 18:3 வேறு கணக்குச் சொல்கிறது: முன்னந்தொடை, இரண்டு தாடைகள், இரைப்பை. பிள்ளைகள் கண்டுபிடித்தால் மழுப்ப வேண்டாம். வேறு வேறு காலத்து வழக்கங்கள் என்றே ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? ஆசாரியர்கள் லேவி கோத்திரத்தில் ஆரோனின் குடும்பத்தார். அந்தக் கோத்திரத்துக்கு மற்றவர்களைப்போல் நிலம் பங்கிடப்படவில்லை. குடியிருக்க 48 பட்டணங்களும் அவற்றைச் சுற்றி மேய்ச்சல் வெளியும் மட்டும். அதனால் மக்களின் தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, லேவியருக்குப் போனது, அதில் பத்தில் ஒன்றை லேவியர் ஆசாரியருக்குக் கொடுத்தார்கள் (எண். 18). வாங்குகிறவரும் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி அந்தச் சிறுமிக்கு. எது பங்கு, எது திருட்டு என்பதற்கு 1 சாமுவேல் 2-ஆம் அதிகாரமே பதில். சீலோவில் ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்கள். கொழுப்பு எரிவதற்கு முன்பே அவர்களுடைய வேலைக்காரன் வந்து பச்சை இறைச்சி கேட்பான், கொடுக்காவிட்டால் பிடுங்கிக்கொள்வேன் என்பான். இறைச்சி சாப்பிட்டது அவர்கள் குற்றமல்ல. பீடத்துக்கு முந்திக்கொண்டதும் மிரட்டியதும்தான் குற்றம். பங்கு இன்னது, நேரம் இன்னது என்று சட்டம் வரையறுத்ததே இதைத் தடுக்கத்தான் என்பது என் வாசிப்பு.

பெரிய பிள்ளைகளுக்கு நெகேமியா 13-ஐக் கொடுங்கள். பெர்சிய அரசரின் கீழ் யூதாவுக்கு ஆளுநராக இருந்தவர் நெகேமியா. கிமு 433-க்குப் பிறகு அவர் எருசலேமுக்குத் திரும்பியபோது, தசமபாகம் சேர்த்து வைக்கும் பெரிய அறையை எலியாசிப் என்ற ஆசாரியன் தன் உறவுக்காரன் தொபியாவுக்குக் கொடுத்திருந்தான். பங்கு கிடைக்காத லேவியரும் பாடகரும் வயல்வேலைக்குப் போய்விட்டார்கள். நெகேமியா தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார். பிறகு களஞ்சியத்துக்குப் பொறுப்பாக ஓர் ஆசாரியன், ஒரு எழுத்தன், ஒரு லேவியன், துணைக்கு ஒருவன் என்று ஆள் வைத்தார். ஆசாரியனை மட்டும் நம்பி விடவில்லை, கவனித்தீர்களா?

ரோமருக்கு எதிராகக் கிபி 66-இல் வெடித்த போருக்கு முந்தைய ஆண்டுகளில், பிரதான ஆசாரியர்களின் அடியாட்கள் களத்துமேட்டுக்கே போய்த் தசமபாகத்தை அள்ளிக்கொண்டதாகவும், ஏழை ஆசாரியர்கள் பட்டினியால் செத்ததாகவும் யூத வரலாற்றாசிரியர் ஜோசப்பஸ் எழுதுகிறார். அவரும் ஆசாரியக் குடும்பத்தவர்தான்.

கடைசியாக ஒன்று. தசமபாகம் என்றதும், அதைக் களஞ்சியத்துக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐ மனப்பாடம் செய்ய வைப்பது நம் வழக்கம். முதல் அதிகாரத்தில் அதே மல்கியா, குருடும் நொண்டியுமான ஆடுமாடுகளைப் பலியிட்ட ஆசாரியரைத்தான் விளாசுகிறார். இரண்டையும் ஒரே வாரத்தில் நடத்துங்கள்.